‘அசல்’ என்னும் சாக்கு

பழைய இசைக்கருவி ஒன்றில் உடைந்த பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால், அக்கருவியின் வரலாறு அங்கேயே முறிந்துபோகிறது என்றொரு நம்பிக்கை கல்விப்புலத்தில் வேரூன்றியிருக்கிறது. பொருள்சார் பண்பாடு, இசை மானிடவியல், அருங்காட்சியகவியல் எனத் துறையின் பெயர் மாறினாலும் நம்பிக்கை மாறுவதில்லை. ‘அசல் நிலை’ என்ற தொடர் கட்டுரைகளில் விளக்கமே இல்லாமல் வந்து அமர்கிறது. அதற்கு வரையறை கேட்பாரும் இல்லை. உண்மையில் அத்தொடர் ஆய்விலிருந்து பிறந்ததன்று. சேகரிப்பாளர்களின் சந்தையில் விலையை ஏற்றவும் இறக்கவும் பயன்படும் தரக்குறி அது. சந்தையின் அளவுகோலை வரலாற்றின் அளவுகோலாக ஏற்றுக்கொண்டதனால் நேர்ந்த கேட்டை அறிய, பெடல் ஸ்டீல் கிதாரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பெயரில் கிதார் என்றிருந்தாலும் தோற்றத்தில் அது கால்கள் பூட்டிய சிறு மேசை. வாசிப்பவர் அதன் முன் அமர்ந்து, இடக்கையில் பிடித்த உருளை வடிவ எஃகுத் துண்டைத் தந்திகளின் மீது நகர்த்துகிறார். வலக்கை விரல்களில் மாட்டிய நகங்களால் மீட்டுகிறார். ஹவாய்க் கிதாரிலிருந்து அதனை வேறுபடுத்துவது மேசைக்கு அடியில் இருக்கிறது. பாதத்தால் அழுத்தும் பெடல்கள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள், அவற்றிலிருந்து மேலேறும் தண்டுகள், குறுக்கே சுழலும் அச்சுகள், அவ்வச்சுகளில் பூட்டிய சிறு கைகள், இழுகம்பிகள், சுருள்வில்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்து, வலக்கோடியில் உள்ள ‘சேஞ்சர்’ என்ற அமைப்பை இயக்குகின்றன. ஒவ்வொரு தந்தியும் அங்கே ஒரு ‘விரல்’ மீது வளைந்து இறங்குகிறது. விரல் ஒரு பக்கம் அசைந்தால் தந்தி இறுகிச் சுரம் ஏறும். மறுபக்கம் அசைந்தால் தளர்ந்து இறங்கும்.

நாஷ்வில் நகரின் கன்ட்ரி இசையில் வழங்கும் ஈ9 சுருதியமைப்பில், ஏ என்று பெயரிட்ட பெடலை அழுத்தினால் 5ஆம், 10ஆம் தந்திகள் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு முழுச்சுரம் ஏறும். பி என்ற பெடல் 3ஆம், 6ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு அரைச்சுரம் ஏற்றும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால், எஃகுத் துண்டு இருந்த இடத்திலேயே இருக்க, ஈ மேஜர் ஏ மேஜராகிவிடுகிறது. மொழியியல் மாணவருக்கு இதனை எளிதாகச் சொல்லிவிடலாம்: தந்தி பகுதி, பெடல் விகுதி, அடிப்புறம் முழுவதும் புணர்ச்சி இலக்கணம். எந்தப் பெடல் எந்தத் தந்தியை எவ்வளவு மாற்றும் என்ற பட்டியலைக் குறிக்க அக்கலைஞர்கள் ‘கோபெடென்ட்’ என்றொரு சொல்லையே ஆக்கிவைத்திருக்கிறார்கள். கார்டு, பெடல், அரேஞ்ச்மென்ட் ஆகிய மூன்று சொற்களின் துண்டுகளை ஒட்டிச் செய்த சொல் அது.

இந்தக் கருவியில் தந்தி அறுவது அன்றாட நிகழ்ச்சி. அது பழுதில் சேராது. பழுது என்பது அடியில் நிகழ்வது. குறுக்கு அச்சில் பூட்டியிருந்து இழுகம்பியை இழுக்கும் சிறு கைக்குப் பெல் கிராங்க் என்று பெயர். 1970களில் வெளிவந்த ஷோ-பட் கருவிகள் சிலவற்றில் இத்தகைய பாகங்கள் துத்தநாகக் கலவையை அச்சில் செலுத்தி வார்த்தவை. இவ்வகை வார்ப்பை அமெரிக்கப் பட்டறைகளில் ‘பாட் மெட்டல்’ என்பர். அது திட்டமான எந்தக் கலவையின் பெயரும் அன்று. மலிவான வார்ப்புகள் அனைத்தையும் ஒருசேர இகழ்வதற்கான பொதுச்சொல்.

இகழ்ச்சிக்குக் காரணம் உண்டு. துத்தநாக வார்ப்பில் ஈயமோ வெள்ளீயமோ காட்மியமோ சிறிதளவு கலந்துவிட்டால் போதும், ஈரக்காற்றில் உலோக மணிகளின் எல்லைகளை அரித்துக்கொண்டே ஒரு சிதைவு உள்ளே பரவும். சில காலம் கழித்துத் தொட்டால் பாகம் பொறைபோல் நொறுங்கும். 1929இல் நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்டு ‘ஸமாக்’ என்ற கலவைக் குடும்பத்தை உருவாக்கிய பிறகே இக்கேடு கட்டுக்குள் வந்தது. (துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களிலிருந்து எடுத்த முதலெழுத்துகளே ஸமாக், தொழிற்சாலைக்காரர்களும் சொல்லாக்கத்தில் சளைத்தவர்கள் அல்லர்.) ஆயினும் தூய கலவை எஃகாகிவிடாது. தொடர்ந்து சுமை தாங்கும் துத்தநாகம் அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்ல நெகிழும் இயல்புடையது. திருகு அழுந்தும் இடத்திலும் துளையின் விளிம்பிலும் விரிசல் விழும். யாரோ ஒருவர் திருகைச் சற்றுக் கூடுதலாக முறுக்கியிருந்தால் முடிவு இன்னும் விரைவில் வரும்.

முறிந்ததை ஒட்டலாகாதா? 400 டிகிரி செல்சியஸை எட்டுமுன்பே உருகிவிடும் உலோகத்தைப் பற்றவைக்க முயல்வது பெரும்பாலும் அதனை முற்றாக இழப்பதற்கான வழி. பசை, ஒரு பாட்டுக்குள் பலமுறை இழுபட்டு மீளும் இடத்தில் நெடுநாள் நிற்பதில்லை. எனவே எஞ்சும் வழி, அலுமினியக் கட்டியிலிருந்து அதே அளவுகளில் புதியதொன்றைக் கடைந்தெடுப்பதுதான். கேடு வந்த பின் ஓரிரு பட்டறைக்காரர்கள் செய்துவருவதும் அதுவே.

இங்கேதான் ‘அசல்’ வாதம் குறுக்கே வந்து நிற்கிறது. உடைந்த வார்ப்பு ‘சான்று’, புதிய அலுமினியம் ‘தலையீடு’ என்கிறது அது. எதற்குச் சான்று? வார்ப்பு விரைவானது, மலிவானது, ஒரே உருவில் எத்தனை வேண்டுமானாலும் கிடைப்பது என்பதற்குச் சான்று. அது மறுக்கத்தக்கதன்று, தொழில் வரலாற்றில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் ஓர் உற்பத்திச் சிக்கனத்தைக் கருவியின் ஆன்மாவாக உயர்த்தி, அதைக் காப்பதற்காகக் கருவியையே ஊமையாக்குவது எந்த வகையான வரலாற்றுணர்வு?

பெடல் ஸ்டீலின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ‘பிறந்த நிலை’ என்ற ஒன்றை எந்த இடத்தில் நிறுத்திவைப்பது என்றே தெரியாது. 1948இல் ஸ்பீடி வெஸ்ட்டுக்குப் பெடல் கருவி செய்துகொடுத்த பால் பிக்ஸ்பி, கிராக்கர் மோட்டார்சைக்கிள் பட்டறையில் வார்ப்புக்கான மாதிரிகள் செய்து பழகியவர். கருவி பிறந்தது இசைக்கூடத்தில் அன்று, உலோகப் பட்டறையில். 1954இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ வெற்றி பெற்றபோது, அதில் பட் ஐசக்ஸ் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே பெடலை அழுத்திச் சுரத்தை வளைத்த விதம் மற்றக் கலைஞர்களைத் தூங்கவிடவில்லை. ஏற்கனவே கையிலிருந்த கருவிகளை அறுத்தும் துளைத்தும் பெடல் பூட்டிக்கொண்டார்கள். ஐசக்ஸின் கருவியில் ஒரே பெடல் செய்த வேலையைப் பின்னர் பட்டி எம்மன்ஸ் இரண்டு பெடல்களாகப் பிரித்தார். இன்றைய ஏ, பி பெடல்கள் அந்தப் பிரிவினையின் பேறு. ஈ9 சுருதியமைப்பின் மேல்முனையில் எஃப் ஷார்ப்பையும் டி ஷார்ப்பையும் அவரே சேர்த்தார். எம்மன்ஸ் ஒரு வரிசையில் பெடல்களை வைத்தால் ஜிம்மி டே அதைத் தலைகீழாக வைத்தார். இன்றும் இரு மரபுகளும் அவரவர் பெயரால் வழங்குகின்றன. முழங்கால் நெம்புகோல்கள் ஒன்று, இரண்டு, நான்கு என ஏறின. அவை தோன்றுமுன் செய்யப்பட்ட கருவிகளில் நெம்புகோல் இருந்தால், அது பிற்காலத்தில் எவரோ துளையிட்டுப் பொருத்தியது.

ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் தங்கள் பெயர்களின் முன்னெழுத்துகளைச் சேர்த்து ஷோ-பட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் எம்மன்ஸ் பிரிந்து, ரான் லாஷ்லியோடு சேர்ந்து தம் பெயரிலேயே வேறொரு நிறுவனம் கண்டார். ஏற்றத்துக்கு இழுத்தும் இறக்கத்துக்குத் தள்ளியும் இயங்கும் ‘புஷ்-புல்’ அமைப்பு அங்கிருந்து வந்தது. முதல் நிறுவனத்தின் கருவியில் குறை கண்டவர்தாம் இரண்டாவதை உருவாக்கினார் என்பதை மறந்துவிட்டு, இரண்டு நிறுவனங்களின் கருவிகளையும் மாற்றக்கூடாத திருவுருவங்களாக இன்று வைத்து வணங்குகிறார்கள். அவற்றைச் செய்தவர்களுக்கே இல்லாத பக்தி!

ஒலியின் பெயரால் எழும் வாதம் சற்று வலுவானது. பழைய உலோகம் போனால் பழைய நாதமும் போய்விடும் என்பார்கள். இதில் பாதி உண்மை. தந்தி நேரடியாகத் தொட்டு வளையும் சேஞ்சர் விரலின் உலோகமும் அதன் மேற்பரப்பின் வழவழப்பும் ஒலியைப் பாதிக்கும். அங்கே கைவைப்பவர் இருமுறை எண்ண வேண்டும். நெடுநாள் வாசிப்பில் அவ்விரலின் மேல் பள்ளம் விழுந்து தந்திகள் அடிக்கடி அறுந்தால்கூட, விரலை மாற்றுவதற்கு முன் பள்ளத்தைத் தேய்த்து மெருகேற்றிப் பார்ப்பதே நல்ல பட்டறையின் வழக்கம். ஆனால் பெல் கிராங்க்? தந்தியின் அதிர்வு செல்லும் வழியில் அது இல்லை. அதன் வேலை இழுப்பது. துத்தநாகம் இழுத்தாலும் அலுமினியம் இழுத்தாலும் பி, சி ஷார்ப்பைச் சென்றடைந்தால் போதும். இவ்விரண்டு பாகங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் ‘அசல் பாகங்கள்’ என்று மொத்தமாகப் பேசுவோர், கருவியின் அடிப்புறத்தைக் குனிந்து பார்க்காதவர்கள்.

குனிந்து பார்த்தால் தெரிவது என்ன? பெல் கிராங்கில் துளைகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். அச்சின் மையத்திலிருந்து தள்ளியிருக்கும் துளையில் இழுகம்பியை மாட்டினால் அது நெடுந்தூரம் நகரும், பெடல் கனக்கும். நெருங்கிய துளையில் மாட்டினால் நகர்வு குறையும், பெடல் இலேசாகும். ஏ பெடல் இழுக்கும் இரு தந்திகளில் ஒன்று மெல்லிய வெறுங்கம்பி, மற்றொன்று தடித்த சுற்றுக்கம்பி. இரண்டும் ஒரே முழுச்சுரம் ஏற வேண்டுமென்றாலும் அதற்கு வேண்டிய நகர்வு இரண்டுக்கும் ஒன்றன்று. பெடலின் பயணம் முடியும் அதே கணத்தில் இரண்டும் போய்ச் சேர வேண்டும். ஒன்று முந்தினால் இடைப்பட்ட கணத்தில் காது கூசும். எனவே புதிய பாகத்தைக் கடைபவர் உடைந்ததன் புற உருவத்தைப் பிரதியெடுத்தால் போதாது. துளைக்கும் மையத்துக்கும் உள்ள தொலைவை அளந்திருக்க வேண்டும், அது ஏன் அத்தொலைவில் வைக்கப்பட்டது என்பதையும் உணர்ந்திருக்க வேண்டும். பொறியியலும் காதும் ஒரே கையில் கூடுகிற இடம் இது. இதனை ‘வெறும் மெக்கானிக் வேலை’ என்று ஒதுக்கும் ஆய்வாளர் எந்த அறிவை ஒதுக்குகிறோம் என்பதை அறிந்து ஒதுக்கட்டும்.

பழுது கண்டறிவதும் அத்தகையதே. பெடலை விட்ட பின்னும் தந்தி பழைய சுரத்துக்குத் திரும்பவில்லை என்றால் ஏதோ உடைந்திருக்கிறது என்று தோன்றும். பல வேளைகளில் எதுவும் உடைந்திராது. பல்லாண்டுக்கு முன் விட்ட எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகி, சேஞ்சரின் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும். லைட்டரில் ஊற்றும் பெட்ரோலிய நீர்மத்தால் கழுவி, மெல்லிய எண்ணெயைத் துளித்துளியாக விட்டால் பாதிக் கருவிகள் எழுந்து நடக்கும். எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லத் தெரிவதும் இத்தொழிலின் ஒரு பகுதி. அசல் பற்றி உரையாற்றுகிறவர்களைவிட அதிகமான அசல் பாகங்களைக் காப்பாற்றியிருப்பவர்கள் இந்தக் கழுவித் துடைக்கும் கைகளே.

எதிர்த்தரப்பில் உண்மையாகவே மதிக்கத்தக்க வாதம் ஒன்று இருக்கிறது. தேய்மானம் ஓர் ஆவணம். எந்தப் பெடல் அதிகம் தேய்ந்தது, எந்தத் துளை நீண்டுபோனது என்பவை வாசித்தவரின் பழக்கத்தைச் சொல்லும். பாகத்தை அகற்றினால் அச்சான்று அழியும் என்பது அவ்வாதம். சரியே. ஆனால் அது பாகத்தைத் தூக்கியெறிவதற்கு எதிரான வாதமேயன்றி, மாற்றுவதற்கு எதிரானதன்று. கழற்றிய பாகம் உலகை விட்டுப் போய்விடுவதில்லை. அளந்து, படமெடுத்து, குறிப்பெழுதி, உறையிலிட்டுக் கருவியின் பெட்டியிலேயே வைக்கலாம். சொல்லப்போனால், கழற்றும்போதுதான் அந்தத் தேய்மானமே கண்ணில் படுகிறது. பூட்டிய கருவிக்குள் இருக்கும் சான்றை எவரும் படித்ததில்லை. அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பிரதியாக எஞ்சியிருக்கும் முன்மாதிரிக் கருவியைத் தொடாமல் வைக்கலாம் என்றால் அதற்கும் தடையில்லை. ஆனால் தொழிற்சாலையில் தொடர் உற்பத்தியாக வந்த கருவிகளுக்கும் அதே விதியை நீட்டிப்பது விதியின் பொருளையே அறியாமை.

‘பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்கு’ என்னும் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசல்வாதிகளும் அவர்களும் பார்வைக்கு எதிரிகள், செயலில் கூட்டாளிகள். ஒருவர் கருவியைக் கண்ணாடிப் பேழைக்கு அனுப்புகிறார், மற்றவர் குப்பைக்கு அனுப்புகிறார். பட்டறைக்கு அனுப்புவார் இருவரிலும் இல்லை.

இந்தியக் கல்விப்புலம் இவ்வாதத்தை இறக்குமதி செய்திருப்பது வேடிக்கையாக இருக்கிறது, ஏனெனில் இங்குள்ள கருவிகள் எவையும் அதற்கு இடங்கொடுப்பவை அல்ல. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றி, வார் இழுத்து, கரணை வைக்கிறார்கள். அதனால் அது வேறு மிருதங்கம் ஆகிவிட்டதென்று எந்த வித்துவானும் சொன்னதில்லை. வீணையின் மெழுகு இளகிச் சுரத்தானங்கள் நகர்ந்தால் மேளம் புதிதாகக் கட்டப்படுகிறது. சித்தாரின் குதிரை தந்தியின் உரசலில் தேய, ஜவாரி திறக்கத் தெரிந்தவரிடம் அதைக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கைத்தேய்ப்பில்தான் நாதமே இருக்கிறது. ஹவாய்க் கிதார் இந்நாட்டுக்கு வந்தபோதும் வந்த உருவில் அது நின்றுவிடவில்லை. விஷ்வ மோகன் பட் அதில் பரிவுத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை ஆக்கினார். ரை கூடருடன் அவர் வாசித்த இசைத்தொகுப்பு 1994இல் கிராமி விருது பெற்றது. பண்பாட்டுப் பரவல் என்று அம்புக்குறி போட்டு ஹவாயிலிருந்து இந்தியாவுக்குக் கோடிழுக்கும் கட்டுரைகளில், அந்தத் தந்திகளுக்காகத் துளையிட்ட கைகளைப் பற்றி எத்தனை வரி இருக்கும்?

கைகளைக் காணாமல் போவது இங்கே தற்செயலும் அன்று. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வெளிவந்தபோது, அதுவரை மேடையில் இருந்தவரின் பெயர் மட்டுமே வரலாறாக இருந்துவந்தது பலருக்கு உறைத்தது. தோலைத் தொடுகிறவரின் அறிவு சாதியால் கீழே தள்ளப்பட்டது. அமெரிக்காவில் துத்தநாகத்தையும் கடைசலையும் தொடுகிறவரின் அறிவு வேறு காரணங்களால் அடிக்குறிப்பாகிறது. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றென்று சொல்வது முதலாவதன் கொடுமையைக் குறைப்பதாகும். ஆனால் ‘கருவி என்பது முடிந்த பொருள், அதைச் செய்தவர் ஒருவர், அதன் பிறகு அதைத் தொட்டவரெல்லாம் வரலாற்றுக்கு வெளியே’ என்ற பார்வை இரண்டு மறதிகளுக்கும் வசதியாக இருக்கிறது. இங்கே அப்பார்வையைக் கடைப்பிடிப்பவர் தம்மை அறியாமலே மிகப் பழைய ஒரு தீண்டாமையை மேல்நாட்டுக் கலைச்சொல்லால் போர்த்துகிறார்.

ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் மூத்தவர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: பழுதுபார்ப்பு தொழில்நுட்பம், அது ஆய்வுப் பொருளாகாது, வேண்டுமானால் பழுதுபார்ப்பவரின் ‘வாழ்வியலை’ எழுதலாம் என்பது. அதாவது அவர் என்ன உண்கிறார், எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பது அறிவு. துளை ஏன் அந்தத் தொலைவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருப்பது அறிவன்று. அழிந்துவரும் மொழியை ஆவணப்படுத்தச் செல்லும் மொழியியலாளர் ஒருவர், பேசுபவரின் வீட்டையும் உடையையும் விரிவாக எழுதிவிட்டு வினைத்திரிபை மட்டும் ‘அது தொழில்நுட்பம்’ என்று விட்டுவந்தால் எந்தத் துறை அவருக்குப் பட்டம் தரும்?

தேவைப்படுவது பெரிய கோட்பாடொன்றும் அன்று. கருவிப் பட்டியல்களில் செய்தவர் பெயருக்கும் ஆண்டுக்கும் கீழே சில வரிகள் கூடுதலாக இருக்கலாம்: எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, எந்த உலோகத்திலிருந்து எதற்கு, துளையின் தொலைவு எவ்வளவு, வேலை செய்தவர் தம் பெயரைப் பதிய இசைந்தால் அவர் பெயர், கழற்றிய பாகம் இப்போது எங்கே. பெடல் ஸ்டீலானால் அப்போதைய கோபெடென்ட்டும் சேரும். ஏனெனில் அது தெரியாமல் அடிப்புறத்துக் கம்பிகளில் ஒன்றைக்கூடப் பொருள்கொள்ள முடியாது. பல தொகுப்புகளில் இன்று கிடைப்பது முன்புறத்து மெருகையும் நிறுவனத்தின் பெயர்ப்பொறிப்பையும் காட்டும் ஒரு படம் மட்டும். கருவியைக் கவிழ்த்துவைத்து இன்னொரு படம் எடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.